சோடியம் அசைடு அடி தாங்கும், ஈய அசைடு தாங்காது: ஏன்?

கேள்வி இதுதான்: சோடியம் அசைடைச் சுத்தியலால் அடித்தாலும் வெடிப்பதில்லை, ஈய அசைடோ சிறு அடிக்கே வெடித்துவிடுகிறது, இரண்டிலும் இருப்பது ஒரே அசைடு அயனி என்றால் இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? இதனுடன் இன்னொரு ஐயத்தையும் கேட்டவர் சேர்த்திருக்கிறார். அட்டவணைகளில் ஈய அசைடின் தாக்க உணர்திறனும் (அடிபட்டால் எவ்வளவு எளிதில் வெடிக்கும் என்பதன் அளவு) பி.இ.டி.என். என்ற வெடிபொருளின் தாக்க உணர்திறனும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கின்றன. அப்படியிருக்க முன்னதை முதன்மை வெடிபொருள் (மற்றவற்றைத் தூண்டிவிடுவது) என்றும் பின்னதை இரண்டாம் நிலை வெடிபொருள் (அப்படித் தூண்டப்பட்டு வெடிப்பது) என்றும் பிரிப்பது எந்த அடிப்படையில்?

முதல் கேள்விக்கு வேதியியலில் ஓரளவு தெளிவான விடை உண்டு. இரண்டாவது கேள்விதான் கூர்மையானது. தாக்க உணர்திறன் என்ற எண்ணைப் பொருளின் உருகுநிலையைப் போலவோ அடர்த்தியைப் போலவோ நிலையான ஒரு பண்பாக எடுத்துக்கொள்ளும் பழக்கத்தையே அது அசைக்கிறது. இரண்டையும் வரிசையாகப் பார்ப்போம். தயாரிப்பு முறைகள் எதையும் இங்கே நான் பேசப் போவதில்லை. விடைக்கு அவை தேவையும் இல்லை.

அசைடு அயனி என்பது மூன்று நைட்ரஜன் அணுக்கள் ஒரே நேர்கோட்டில் நின்று ஓர் எதிர்மின்சுமையைப் பகிர்ந்துகொள்ளும் அமைப்பு. இதன் மூலமான ஹைட்ரசோயிக் அமிலத்தை ஜெர்மானிய வேதியியலாளர் தியோடர் கர்ட்டியஸ் 1890இல் கண்டறிந்தார். ஈய அசைடும் அடுத்த ஆண்டே அவர் கையால் உருவானது. நைட்ரஜன் அணுக்கள் இரண்டு ஒன்றோடொன்று மூன்று பிணைப்புகளால் இணைந்திருப்பதே அவற்றுக்கு மிகவும் உவப்பான நிலை. காற்றில் இருக்கும் நைட்ரஜன் மூலக்கூற்றைப் பிளக்க ஒரு மோலுக்கு ஏறத்தாழ 945 கிலோஜூல் வேண்டும். மூன்று நைட்ரஜன்களை ஒரு கோட்டில் கட்டி வைத்திருக்கும் அசைடு, வாய்ப்புக் கிடைத்தால் அந்த உவப்பான நிலைக்குத் திரும்பிவிடும். இதில் ஆக்சிஜனுக்கு வேலையே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். டி.என்.டி. போன்ற கரிம வெடிபொருள்களில் கார்பனும் ஹைட்ரஜனும் அதே மூலக்கூற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, ஒருவகையில் தமக்குள்ளேயே எரிகின்றன. உலோக அசைடு எரிவதில்லை. அது உலோகமாகவும் நைட்ரஜன் வாயுவாகவும் பிரிந்து போகிறது, அவ்வளவுதான். இந்த எளிமையே பின்னால் முக்கியமாகப் போகிறது.

அந்த அயனி எவ்வளவு அமைதியாக இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது அதன் பக்கத்தில் நிற்கும் உலோகம். சோடியம் தன் வெளிவட்ட எலெக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும் உலோகம். அதன் முதல் அயனியாக்க ஆற்றல் 5.14 எலெக்ட்ரான் வோல்ட். பொட்டாசியத்துக்கு அது 4.34 மட்டுமே. இத்தகைய உலோகங்களிடமிருந்து எலெக்ட்ரானைப் பெற்ற அசைடு அதை முழுமையாகத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. அயனி சமச்சீராக இருக்கிறது, இரண்டு நைட்ரஜன்-நைட்ரஜன் பிணைப்புகளும் சம நீளத்தில், ஏறத்தாழ 1.18 ஆங்ஸ்ட்ராம் அளவில் அமைகின்றன. ஈயம் (7.42), வெள்ளி (7.58), தாமிரம் (7.73) ஆகியவற்றின் போக்கு வேறு. கொடுத்த எலெக்ட்ரான் மீது இவற்றுக்கு இன்னும் உரிமை இருப்பதுபோல, அதைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. பிணைப்பில் சகப்பிணைப்புத் தன்மை கலக்கிறது. இந்தப் போக்கின் எல்லையை ஹைட்ரசோயிக் அமிலத்தில் பார்க்கலாம்: அங்கே ஹைட்ரஜன் ஒரு முனையில் சகப்பிணைப்பாகவே ஒட்டிக்கொள்வதால் பிணைப்புகள் 1.24, 1.13 ஆங்ஸ்ட்ராம் என்று ஒன்று நீண்டும் மற்றொன்று குறுகியும் போகின்றன. குறுகிய பக்கம் ஏற்கெனவே நைட்ரஜன் மூலக்கூறாகப் பாதி மாறிவிட்டது என்று சொன்னால் அது மிகையாகாது. அந்த அமிலம் எளிதில் வெடிக்கும் முரட்டுப் பொருள் என்பதும் அறிந்ததே.

எலெக்ட்ரான் உலோகத்தின் பக்கம் திரும்பிப் போகும் அந்தக் கணத்தில் அசைடு அயனி நடுநிலையான அசைடு உறுப்பாகிவிடுகிறது. அத்தகைய உறுப்புகள் இரண்டு சந்தித்தால் மூன்று நைட்ரஜன் மூலக்கூறுகளாகப் பிரிந்து பெரும் வெப்பத்தை வெளியிடும். அயனிப் படிகத்தில் எலெக்ட்ரானை அப்படிப் பெயர்க்க நிறைய ஆற்றல் வேண்டும். ஈயம், வெள்ளி, தாமிரம் ஆகியவற்றின் அசைடுகளில் அந்த வேலி தாழ்வானது. 1950களில் கேம்பிரிட்ஜில் இத்துறையில் உழைத்த யோஃபி உள்ளிட்ட ஆய்வாளர்கள் உலோக அசைடுகளை ஒருபுறம் சோடியம், பொட்டாசியம் போன்ற கார உலோகங்களுடையவை என்றும் மறுபுறம் கன உலோகங்களுடையவை என்றும் வகுத்துப் பார்த்ததற்கு அடிப்படை இதுதான். இடையில் நிற்கும் தாலியம் (6.11) குணத்திலும் இடையில்தான் நிற்கிறது என்பது இந்தக் கருத்துக்கு ஆதரவான ஒரு சான்று. ஆனால் இதை ஒரு பொது விதியாகக் கருதிவிடக் கூடாது. உலோக அயனியின் மின்சுமை, படிக அமைப்பு, குறைபாடுகள் எல்லாம் குறுக்கே வரும். அயனியாக்க ஆற்றல் திசையைக் காட்டும், தொலைவைக் காட்டாது.

வெப்பக் கணக்கும் இதையே சொல்கிறது. சோடியம் அசைடு உருவாகும்போது அதில் சேமிக்கப்படும் ஆற்றல் மோலுக்கு ஏறத்தாழ 22 கிலோஜூல்தான். பொட்டாசியம் அசைடில் அது சுழியை ஒட்டியே நிற்கிறது. வெள்ளி அசைடில் அது 310ஐ நெருங்குகிறது. ஈய அசைடில் இரண்டு அசைடு அயனிகளுக்கும் சேர்த்து 480 அளவில், அதாவது அயனி ஒன்றுக்கு 240 அளவில் வருகிறது. ஒரே அயனி, ஆனால் சேமிப்பில் பத்து மடங்குக்கும் மேல் வேறுபாடு. சோடியம் அசைடில் ஓரிடத்தில் சிதைவு தொடங்கினாலும், அங்கே வெளிப்படும் சொற்ப வெப்பம் பக்கத்து அடுக்கைச் சிதைக்கும் அளவுக்குச் சூடேற்றுவதற்குள் பரவி ஆறிவிடுகிறது. ஈர விறகில் தீ மூட்டப் பார்த்தவர்களுக்கு இந்த நிலை புரியும்.

ஆனால் 'அதிக ஆற்றல், ஆகவே அதிக உணர்திறன்' என்று இந்த இடத்தில் முடிவு கட்டினால் தவறாகிவிடும். ஈய அசைடு ஒரு கிராமுக்கு வெளியிடும் வெப்பம் ஏறத்தாழ 1.6 கிலோஜூல், டி.என்.டி.யோ ஒரு கிராமுக்கு 4 முதல் 5 கிலோஜூல் வரை தருகிறது. எடைக்கு எடை பார்த்தால் ஈய அசைடு ஏழை. அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 4.7 கிராமுக்கு மேல் இருப்பதால் கன அளவில் மட்டும் டி.என்.டி.க்கு ஈடு கொடுக்கிறது. வெடியலையின் (பொருளுக்குள் ஒலியைவிட வேகமாகப் பாயும் வெடிப்பு அலையின்) வேகத்திலும் டி.என்.டி. நொடிக்கு ஏறத்தாழ 6,900 மீட்டர், ஈய அசைடு 5,000 மீட்டரை ஒட்டியே நிற்கிறது. ஆற்றலில் குறைந்தது, வேகத்தில் குறைந்தது, ஆனால் தூண்டுவதற்கு மிக எளியது என்ற இந்தப் புதிருக்குள்தான் கேட்டவரின் இரண்டாவது கேள்விக்கான விடையும் இருக்கிறது.

அதற்கு முன், அடி என்பது படிகத்துக்குள் என்ன செய்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு சுத்தியல் அடியின் ஆற்றலைப் பொருள் முழுவதற்கும் சமமாகப் பங்கிட்டால் அதன் வெப்பநிலை வெடிக்கும் அளவுக்கு ஏறாது. பெரும்பாலும் கைச்சூடு கூட ஏறாது. பத்து மீட்டர் உயரத் தென்னையிலிருந்து விழும் ஒன்றரைக் கிலோ தேங்காய் ஏறத்தாழ 147 ஜூல் ஆற்றலோடு தரையில் மோதுகிறது. ஆனாலும் அந்த இடத்து மண் சுடுவதில்லை. எனவே ஆற்றல் எங்கோ குவிய வேண்டும். கேம்பிரிட்ஜில் பவுடனும் யோஃபியும் பல ஆண்டுகள் செய்த ஆய்வுகளின் சாரம் இதுதான்: அடிபட்ட பொருளுக்குள் அகப்பட்ட நுண்ணிய வாயுக்குமிழி திடீரென நசுங்கிச் சூடாவதாலோ, படிகத் துகள்கள் ஒன்றோடொன்று உரசுவதாலோ, அந்நியத் துகள் ஒன்று உரசுவதாலோ மிகச் சிறு இடங்களில் மட்டும் வெப்பம் குவிகிறது. மைக்ரோமீட்டர் அளவிலான, மைக்ரோநொடிகள் மட்டுமே நீடிக்கும் இந்த இடங்களை வெப்பப் புள்ளிகள் என்போம். வெடிப்பு இந்தப் புள்ளிகளிலிருந்தே பிறக்கிறது.

இதில் அவர்கள் கண்ட ஒரு நுட்பம் எனக்கு எப்போதும் பிடித்தமானது. உணர்திறன் மிகுந்த பொருளில் தூசி கலந்தால் ஆபத்து கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும். கடினமான தூசிதான் ஆபத்து என்றே முதலில் எண்ணத் தோன்றும். ஆனால் முடிவு செய்வதில் கடினத்தன்மையைவிட அந்தத் துகளின் உருகுநிலைக்கே பெரும் பங்கு என்று அவர்களின் சோதனைகள் காட்டின. காரணம் எளிது: உரசும் இடத்தின் வெப்பநிலை, உரசும் பொருளின் உருகுநிலையைத் தாண்டிப் போக முடியாது. துகள் உருகிவிட்டால் உராய்வு குறைந்து சூடேறுவது நின்றுவிடும். ஆகவே வெடிபொருளுக்குத் தேவைப்படும் வெப்பநிலைக்குக் கீழேயே உருகிவிடும் துகள், எவ்வளவு இருந்தாலும், பெரிய தீங்கு செய்வதில்லை. அசைடுகளுக்கு இந்த எல்லை ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸ் அளவில் இருப்பதாக அவர்கள் கண்டனர். அசைடு கையாளும் தொழிற்கூடங்களில் மணல் துகள் ஒன்றுகூடத் தரையில் இருக்கக் கூடாது என்ற கண்டிப்புக்குப் பின்னால் இருக்கும் இயற்பியல் இதுவே.

இனி அளவிடும் முறைக்கு வருவோம். தாக்க உணர்திறனை அளப்பது விழு எடைக் கருவியால். சில பத்து மில்லிகிராம் பொருளை இரண்டு எஃகுப் பரப்புகளுக்கு நடுவே வைத்து, குறிப்பிட்ட எடையைக் குறிப்பிட்ட உயரத்திலிருந்து அதன் மீது விழச் செய்கிறார்கள். வெடித்ததா, இல்லையா என்று குறித்துக்கொள்கிறார்கள். எடை, உயரம், புவியீர்ப்பு ஆகிய மூன்றையும் பெருக்கினால் ஜூல் அளவில் எண் கிடைத்துவிடும். பார்ப்பதற்கு மிக எளிமையான சோதனை. இந்த எளிமைதான் பலரை ஏமாற்றுகிறது.

ஐரோப்பாவில் புழங்கும் பெர்லின் கருவியில், ஆறு முறை அடித்து ஒருமுறையாவது வெடிக்கும் மிகக் குறைந்த ஆற்றலை எல்லையாகக் கொள்வார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து புரூஸ்டனில் இருந்த வெடிபொருள் ஆய்வகத்தின் வழி வேறு: வெடித்தால் அடுத்த முறை உயரத்தை ஒரு படி குறைப்பது, வெடிக்காவிட்டால் ஒரு படி கூட்டுவது என்று மேலும் கீழுமாக ஏறி இறங்கி, பாதி முறை வெடிக்கும் உயரத்தைக் கண்டுபிடிப்பார்கள். இதற்கான புள்ளியியலை டிக்சன், மூட் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1948இல் ஒழுங்குபடுத்திக் கொடுத்தனர். 'ஆறில் ஒன்று' என்ற எண்ணும் 'இரண்டில் ஒன்று' என்ற எண்ணும் ஒன்றல்ல என்பது வெளிப்படை. ஆனாலும் அட்டவணைகளைத் தொகுப்பவர்கள் இரண்டையும் ஒரே பத்தியில் அடுக்கிவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். சில கருவிகளில் பொருளை உப்புத்தாளின் மீது வைத்து அடிக்கிறார்கள், சிலவற்றில் வெறும் எஃகின் மீது. படிகத்தின் அளவு, உருவம், ஈரப்பதம், எஃகுப் பரப்பின் தேய்மானம் ஆகியவையும் விடையை மாற்றும். இவற்றுக்கெல்லாம் மேலாக 'வெடித்தது' என்பதன் பொருளே பொருளுக்குப் பொருள் மாறுகிறது. டி.என்.டி.யை அடித்தால் சில நேரம் மெல்லிய கருகல் மட்டும் தென்படும், சில நேரம் லேசான வாடை வரும். அதை வெடிப்பாகக் கொள்வதா என்று ஆய்வாளர் தயங்குவார். ஈய அசைடு அந்தத் தயக்கத்துக்கு இடமே வைப்பதில்லை. அது வெடித்தால் முழுவதும் வெடிக்கும், இல்லையென்றால் இருந்தபடியே இருக்கும்.

இப்போது எண்களைப் பார்க்கலாம். பரவலாக எடுத்தாளப்படும் பெர்லின் கருவி மதிப்புகளில் டி.என்.டி.க்கு 15 ஜூல், ஆர்.டி.எக்ஸ். 7.5 ஜூல், பி.இ.டி.என். 3 ஜூல், தூய ஈய அசைடு 2.5 முதல் 4 ஜூல், பாதரச ஃபல்மினேட் 1 முதல் 2 ஜூல், நைட்ரோகிளிசரின் 0.2 ஜூல். எண் குறையக் குறைய உணர்திறன் கூடுகிறது என்று பொருள். வாசகர் குழம்பியதில் வியப்பில்லை: இந்த வரிசையில் ஈய அசைடும் பி.இ.டி.என்.னும் தோளோடு தோள் நிற்கின்றன. முதன்மை வெடிபொருள் என்று யாரும் வகைப்படுத்தாத நைட்ரோகிளிசரினோ ஈய அசைடைவிடப் பத்து மடங்குக்கு மேல் உணர்திறன் மிக்கதாக இருக்கிறது. தாக்க உணர்திறனே பிரிவினையின் அளவுகோல் என்றால் நைட்ரோகிளிசரின்தான் முதல் நாற்காலியில் உட்கார வேண்டும்.

விடையின் ஒரு பாதி உராய்வில் இருக்கிறது. அதே ஆய்வு மரபில் உராய்வு உணர்திறனை அளந்தால், டி.என்.டி. கருவியின் உச்ச அழுத்தமான 353 நியூட்டனிலும் அசையாது, ஆர்.டி.எக்ஸ். 120இல் வெடிக்கிறது, பி.இ.டி.என். 60இல் வெடிக்கிறது. ஈய அசைடுக்கு ஒரு நியூட்டனே மிகை, 0.1 முதல் 1 நியூட்டனுக்குள் வெடித்துவிடுகிறது. ஒரு நியூட்டன் என்பது நூறு கிராம் எடை அழுத்தும் அளவு. விழு எடைக் கருவியில் இரட்டையர் போலத் தோன்றியவை, உராய்வுக் கருவியில் அறுபது மடங்குக்கும் மேல் விலகிப் போகின்றன. நடைமுறையில் ஆய்வகங்களிலும் தொழிற்கூடங்களிலும் யாரும் இத்தகைய பொருளைச் சுத்தியலால் அடிப்பதில்லை. மூடியைத் திருகுவது, கரண்டியால் சுரண்டுவது, குழாயின் மறையைக் கழற்றுவது போன்ற உராய்வுகளே நேர்கின்றன. அதனால் 'தாக்க உணர்திறன் எவ்வளவு' என்று கேட்பவரிடம் 'உராய்வு எவ்வளவு என்று முதலில் கேளுங்கள்' என்று சொல்வதே என் வழக்கம்.

மற்றப் பாதி, தொடங்கிய பின் என்ன நடக்கிறது என்பது. விழு எடைக் கருவி சொல்வது ஒரே ஒரு செய்தியைத்தான்: வெப்பப் புள்ளி பிறந்ததா? அது எவ்வளவு விரைவில் வெடியலையாக முதிர்கிறது என்பதை அந்த எண் சொல்வதில்லை. பி.இ.டி.என். சிறு அளவில் அடிபட்டாலோ தீப்பட்டாலோ முதலில் எரிகிறது. அந்த எரிதல் வேகம் பிடித்து ஒலியின் வேகத்தைக் கடந்த வெடியலையாக மாற, போதிய அளவு பொருளும் இறுக்கமான அடைப்பும் இருக்க வேண்டும். ஈய அசைடு இந்த இடைக்காலத்தை ஏறத்தாழத் தாண்டியே செல்கிறது. மில்லிமீட்டரில் ஒரு சிறு பகுதியே கனமுள்ள படிகத்தில்கூட அது வெடியலையாக முதிர்ந்துவிடும். அடைத்து வைக்க வேண்டிய தேவையும் இல்லை. இதற்குக் காரணம் முன்னர் சொன்ன எளிமைதான். பி.இ.டி.என். மூலக்கூறு சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடுகள் பிரிந்து, இடைப்பொருள்கள் பல உருவாகி, அவை தமக்குள் வினைபுரிந்து, கடைசிக் கட்டத்தில்தான் வெப்பத்தின் பெரும்பகுதி வெளிவருகிறது. அசைடுக்கு அத்தகைய வழிநடை இல்லை. நைட்ரஜன் நைட்ரஜனாகப் பிரிகிறது, அந்த ஒரே படியில் வெப்பம் முழுதும் வந்துவிடுகிறது. ஆற்றல் குறைவாக இருந்தும் ஈய அசைடு முதன்மை வெடிபொருளாக இருப்பது இந்த விரைவினால். முதன்மை, இரண்டாம் நிலை என்ற பிரிவினை 'எது எளிதில் பற்றும்' என்பதை ஒட்டி மட்டும் அமைந்ததன்று. 'எது பற்றிய உடனே வெடியலையாகும்' என்பதே அதன் உயிர்.

வரலாறும் இதை உறுதிப்படுத்துகிறது. பாதரச ஃபல்மினேட்டை ஆங்கிலேய வேதியியலாளர் எட்வர்ட் ஹோவர்ட் 1800இல் விவரித்தார். 1860களில் ஆல்ஃபிரட் நோபல் உருவாக்கிய டெட்டனேட்டர் (முதன்மை வெடிபொருளை வைத்துப் பெரிய வெடியைத் தூண்டும் சிறு குப்பி) அதையே நம்பியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதல் சில பத்தாண்டுகளில் ஈய அசைடு அதன் இடத்தைப் பிடித்தது. மேலே உள்ள எண்களைத் திரும்பிப் பார்த்தால், இந்த மாற்றத்தில் தாக்க உணர்திறன் கூடவில்லை, குறைந்திருக்கிறது என்பது தெரியும். வெப்பமான நாடுகளில் சேமித்து வைத்தால் ஃபல்மினேட் நாளடைவில் கெட்டுப்போகும். மிகுந்த அழுத்தத்தில் இறுக்கினால் வெடிக்கும் திறனையும் இழந்துவிடும். ஈய அசைடிடம் இந்த இரண்டு குறைகளும் இல்லை. குறைந்த அளவிலேயே வேலையையும் முடித்துவிடுகிறது. 'உணர்திறன் கூடியதால் தேர்ந்தெடுக்கப்பட்டது' என்று சில பாடநூல்களில் வரும் வாக்கியம் உண்மைக்கு நேர்மாறானது.

ஈய அசைடின் படிகங்கள் கரைசலில் வளர்ந்துகொண்டிருக்கும்போதே தாமாக வெடித்த நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன. படிகம் பெரிதாகி உள்ளழுத்தத்தால் முறிவதே காரணம் என்ற விளக்கம் நெடுங்காலம் வழங்கி வந்தது. அது முழு விளக்கம் என்று எல்லோரும் ஏற்பதில்லை. எது எப்படியாயினும், இத்தகைய நிகழ்வுகளுக்கு விழு எடை எண்ணில் எந்த முன்னறிவிப்பும் இருக்காது. பாதி முறை வெடிக்கும் உயரத்தை அறிந்தவருக்கு, பத்தாயிரத்தில் ஒருமுறை வெடிக்கும் உயரம் தெரிந்துவிடாது. பாதுகாப்புக்கு வேண்டியதோ பின்னதே. போக்குவரத்து விதிகள் இதை ஓரளவு உணர்ந்தே அமைந்துள்ளன: ஐக்கிய நாடுகளின் சோதனைக் கையேட்டின்படி, தாக்க எல்லை 2 ஜூல் அல்லது அதற்குக் கீழே இருந்தாலும், உராய்வு எல்லை 80 நியூட்டனுக்குக் கீழே இருந்தாலும், அந்த வடிவில் அந்தப் பொருளை எடுத்துச் செல்லக் கூடாது. தாக்கத்தில் தப்பும் ஈய அசைடு உராய்வில் சிக்கிக்கொள்கிறது. அதனால்தான் 20 விழுக்காட்டுக்குக் குறையாத நீரோ, நீரும் ஆல்கஹாலும் கலந்த கலவையோ சேர்த்து ஈரமாக்கிய நிலையில் மட்டுமே அது போக்குவரத்துப் பட்டியலில் இடம்பெறுகிறது. ஈரமாக்கினால் வெடிக்காது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது; அந்நிலையிலும் அது வெடிபொருள் வகுப்பில்தான் இருக்கிறது.

சோடியம் அசைடு அடிதாங்கும் என்பதை வைத்து அதைச் சாதுவான பொருள் என்று முடிவு செய்பவர்களுக்காகச் சிலவற்றைச் சேர்க்க வேண்டும். கார்களின் காற்றுப்பைகளில் 1990கள் வரை சோடியம் அசைடே பரவலாக இருந்தது. மோதலின் அடியால் அசைடு வெடித்துப் பை உப்புகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. மோதலை உணர்வது தனியான ஓர் உணரி. அது மின்துடிப்பை அனுப்ப, சிறு பற்றவைப்பான் சூடேற்ற, அந்தச் சூட்டில் அசைடு சிதைந்து நைட்ரஜனை வெளியிடுகிறது. இவை எல்லாம் சில பத்து மில்லிநொடிகளில் முடிந்துவிடுகின்றன. தாக்கத்துக்கு அசையாத பொருளாக இருந்ததால்தான் குண்டும் குழியுமான சாலையில் ஆண்டுக்கணக்கில் ஓடும் வண்டியில் அதை வைக்க முடிந்தது. பின்னாளில் அது கைவிடப்பட்டதற்கு முக்கியக் காரணம் அதன் நச்சுத்தன்மை: சயனைடைப் போலவே உயிரணுக்களின் சுவாச நொதியை முடக்கும் நஞ்சு அது. அமிலம் பட்டால் ஹைட்ரசோயிக் அமிலம் உண்டாகும்; ஏறத்தாழ 37 டிகிரியில் கொதிக்கும் அந்த நீர்மம் நஞ்சும் வெடிபொருளும் ஒருங்கே ஆனது.

இன்னொரு ஆபத்து மெதுவாகச் சேர்வது. மருத்துவ ஆய்வகங்களில் இரத்த அணுக்களை எண்ணும் கருவிகளுக்கான நீர்த்த கரைசல்களிலும் வேறு பல வினைப்பொருள்களிலும் நுண்ணுயிர் வளராமலிருக்கச் சோடியம் அசைடைச் சிறிதளவு, பெரும்பாலும் 0.1 விழுக்காடு அளவில், சேர்ப்பது வழக்கம். இவை கழுவுதொட்டி வழியே நாள்தோறும் வடிகாலில் இறங்கும்போது, குழாய் தாமிரமாகவோ பித்தளையாகவோ ஈயமாகவோ இருந்தால், உட்சுவரில் கன உலோக அசைடுகள் சிறிதுசிறிதாகப் படியும். அடைப்பு நீக்க வந்த குழாய்ப் பணியாளர் கம்பியைச் செருகும்போது அந்தப் படிவு வெடிக்கும். இத்தகைய விபத்துகளை அடுத்து அமெரிக்காவின் தேசியப் பணிப் பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் 1976இல் எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டது. முதல் கேள்விக்கான முழு விடையும் இந்த ஒரு நிகழ்வுக்குள் இருக்கிறது: அதே அசைடு அயனி, கரைசலில் சோடியத்தோடு இருந்தவரை அசையாமல் இருந்தது, குழாயின் சுவரில் கூட்டாளியை மாற்றிக்கொண்டதும் ஒரு கம்பியின் உரசலைக்கூடத் தாங்க முடியாததாகிவிட்டது. டெட்டனேட்டர் உறைகளின் கதையும் இதே வகைதான். ஈய அசைடு ஈரம்பட்டால் ஹைட்ரசோயிக் அமிலம் மெல்லக் கசியும். உறை தாமிரமாக இருந்தால் அங்கே தாமிர அசைடு உண்டாகும். அதன் உணர்திறன் ஈய அசைடையும் மிஞ்சியது. ஈய அசைடு உள்ள டெட்டனேட்டர்களுக்கு அலுமினிய உறை நிலைபெற்றது இதனால்தான்.

எனவே ஆய்வகத்தில் அசைடு சேர்ந்த வினைப்பொருள்களைப் பல ஆண்டுகளாகக் கொட்டி வந்த பழைய உலோகக் குழாய் இருக்கிறது என்றால், அதைத் தாமாகக் கழற்றவோ குத்தவோ கூடாது. நிறுவனத்தின் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்து வடிவில் தெரிவித்து, அந்தத் தொட்டியைப் பயன்படுத்தாமல் நிறுத்தி வைக்க வேண்டும், பணியாளர் யாரையும் அங்கே அனுப்புவதற்கு முன் இதைச் சொல்லிவிடவும் வேண்டும். சோடியம் அசைடை எடுக்க உலோகக் கரண்டிக்குப் பதிலாக நெகிழிக் கரண்டியைப் பயன்படுத்தச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். கேள்வியில் வந்த சுத்தியல் சோதனையைச் செய்து பார்க்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால், புட்டியில் உள்ளது தூய சோடியம் அசைடுதான் என்றும் அதற்குள் வேறு உலோகம் எதுவும் புகுந்திருக்கவில்லை என்றும் வெறும் கண்ணால் சொல்ல வழியில்லை என்பதையும், தெறிக்கும் தூள் மூக்கில் ஏறினால் அது நஞ்சு என்பதையும் நினைவில் கொள்ளட்டும்.